வேண்டாத விளம்பரமும் விலைபோகும் பெயர்ப் பட்டியலும்

ஒரு சங்கத்தின் சொத்து எது என்று கேட்டால், கிடங்கு, தறி, தராசு, பங்குத்தொகை, சேமநிதி என்று அடுக்கிச் சொல்வோம். அங்கத்தினர் பெயர்ப் பதிவேட்டைச் சொத்தாக எண்ணுவோர் சிலரே. ஆனால் வெளியில் உள்ள வியாபார உலகம் அதனை நல்ல சொத்தாகவே மதிக்கிறது. பெயர், ஊர், தொழில், தொலைபேசி எண் ஆகிய நான்கும் ஒரே வரியில் அமைந்துவிட்டால் அவ்வரிக்கு ஒரு விலை உண்டு. அவ்வாறு விலைபோன வரிகளே துண்டுப் பிரசுரமாகவும், பரிசுக் கடிதமாகவும், ஓயாத தொலைபேசி அழைப்பாகவும் நம் வீடு தேடி வருகின்றன. இத்தொல்லை எவ்வாறு உண்டாகிறது, அதனைத் தடுக்கச் சட்டம் தந்துள்ள வழிகள் யாவை, சங்கம் செய்ய வேண்டியது என்ன என்பவற்றை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

பட்டியலுக்கு விலை ஏன்?

ஊரில் உள்ள எல்லார்க்கும் விளம்பரம் அனுப்பினால் செலவு மிகும், பயன் குறையும். யாருக்கு எப்பொழுது எது தேவை என்று முன்கூட்டி அறிந்து அனுப்பினால் செலவு குறையும், பயன் மிகும். ஆகவேதான் வெறும் பெயரைவிடத் தொழிலும் பருவமும் சேர்ந்த பெயருக்கு விலை அதிகம்.

நமது மரக்காணம் பகுதியையே எடுத்துக்கொள்வோம். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூலி இல்லாத காலம். இக்காலத்துக்கெனத் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தை 2022-ஆம் ஆண்டில் கொண்டுவந்ததே அக்காலத்தின் நெருக்கடிக்குச் சான்று. அதே மாதங்களில், “ஐந்து நிமிடத்தில் கடன்” என்னும் செய்தி உப்பளத் தொழிலாளியின் கைபேசிக்கு வருமானால், அனுப்பியவனிடம் பெயர் மட்டுமன்று, தொழிலும் இருக்கிறது என்று ஐயுற இடமுண்டு. தர்ப்பூசணி விற்றுக் கையில் பணம் வந்த விவசாயிக்கு மனைத்துண்டு விளம்பரமும், தீபாவளிக்கு முன்னர் நெசவாளிக்குப் பரிசுச் சீட்டும் வருவதும் இவ்வகையினதே.

இந்த வியாபாரம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2023 மார்ச்சு மாதத்தில் ஐதராபாத்தை அடுத்த சைபராபாத் காவல்துறையினர், ஏறத்தாழ 16 கோடியே 80 லட்சம் பேரின் விவரங்களை விற்றுவந்ததாகச் சிலரைக் கைது செய்தனர். தொழில் வாரியாகவும் தேவை வாரியாகவும் 140-க்கு மேற்பட்ட வகைகளாக அவ்விவரங்கள் பிரிக்கப்பட்டிருந்தன என்று காவல்துறை தெரிவித்தது.

நமது பெயர் எவ்வாறு போகிறது?

பெரும்பாலும் நாமே கொடுக்கிறோம். கடையில் குலுக்கல் சீட்டு நிரப்புகிறோம்; பொருட்காட்சியில் இலவசப் பைக்காக எண்ணைத் தருகிறோம்; கடன் தரும் செயலிக்குக் கைபேசியில் உள்ள தொடர்பு எண்கள் அனைத்தையும் பார்க்க அனுமதி அளிக்கிறோம். கடைசியாகச் சொன்னது மிகவும் அபாயமானது. தவணை தவறினால் உறவினரையும் அண்டை வீட்டாரையும் அழைத்து அவமானப்படுத்துவதற்கு அப்பட்டியலே கருவியாயிற்று. இக்காரணம் பற்றியே ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் அழைப்புப் பதிவுகளையும் படங்களையும் எடுக்கலாகாது என்று 2022 செப்டம்பரில் விதித்தது. அவ்வாறு அனுமதி கேட்கும் செயலி விதியை மீறுகிறது என்று தெளிக. அதனை உடனே விலக்குக.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. வேண்டாத செய்திக்குக் கோபமாகவேனும் பதில் அனுப்பினால், இந்த எண்ணில் ஆள் இருக்கிறார் என்பது உறுதியாகிறது. உறுதியான எண்ணுக்கு விலை கூடுகிறது. ஆதலால் அறியாதவருக்கு மௌனமே தக்க மறுமொழி.

தபாலில் வருவன

தபால் மூலம் வரும் தொல்லை புதிதன்று. கேளாத பொருளை வி.பி.பி.யில் அனுப்பிப் பணம் பறிக்கும் தந்திரத்தை அக்காலத்திலேயே கருதி, 1898-ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டம், மெய்யான ‘ஆர்டர்’ பெற்றே அனுப்புவதாக அனுப்புநர் உறுதி கூறவேண்டும் என்று விதிக்க இடம் தந்தது. அச்சட்டத்தின் இடத்தில் 2024 ஜூன் 18 முதல் புதிய அஞ்சலகச் சட்டம் நடைமுறையில் உள்ளது. சட்டம் மாறினும் நமக்குரிய பாடம் மாறவில்லை: கேளாத பொருளுக்குப் பணம் கட்டாமல் திருப்பிவிடுக. சுரண்டல் அட்டையுடன் பரிசுக் கடிதம் வந்து, பரிசைப் பெற முன்னதாக வரி கட்டவேண்டும் என்று எழுதியிருந்தால், அது மோசடியே.

ஆனால் ஒரு எச்சரிக்கை. நீதிமன்றம், வங்கி, அரசு அலுவலகம் ஆகியவற்றிலிருந்து வரும் பதிவுத் தபாலை வாங்க மறுத்தால், அறிவிப்புச் சேர்ந்ததாகவே சட்டம் கொள்ளக்கூடும். மறுக்குமுன் அனுப்புநர் முகவரியைப் படித்தல் அவசியம்.

வீட்டுக்கு வருவதை மறுக்கும் உரிமை உலகெங்கும் விவாதிக்கப்பட்டதாகும். அமெரிக்காவில் விளம்பரத் தபால் அனுப்புவோர் தங்கள் பேச்சுரிமை பறிபோவதாக வழக்காடினர். 1970-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அனுப்புவோர் உரிமை வேண்டாதவர் வீட்டுத் தபால் பெட்டியோடு முடிகிறது என்னும் கருத்துப்படத் தீர்ப்பளித்தது. நம் நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24 அன்று அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகக் கூறினர்.

தொலைபேசியில் வருவன

இதற்கு எளிய வழி 1909 என்னும் எண். அதனை அழைத்தோ, ‘ஸ்டார்ட்’ என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் அடித்து, இடைவெளி விட்டு 0 இட்டு அந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியோ, விளம்பரம் எதுவும் வேண்டாம் என்று பதிவு செய்துகொள்ளலாம். கட்டணம் இல்லை. வங்கிக் கணக்குச் செய்தி, அரசு அறிவிப்பு முதலியன இதனால் நின்றுபோகா.

பதிவு செய்த பின்னும் விளம்பரம் வந்தால், அனுப்பிய எண், நாள், செய்தி ஆகியவற்றுடன் 1909-க்கே புகார் செய்யலாம். முன்னர் மூன்று நாட்களுக்குள் புகார் செய்யவேண்டியிருந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2025 பிப்ரவரியில் செய்த திருத்தத்தால் அது ஏழு நாட்களாயிற்று. பதிவு பெறாத விளம்பரதாரர் ஒருவர்மீது பத்து நாட்களில் ஐந்து புகார் சேர்ந்தாலே நடவடிக்கை எடுக்க இடமுண்டு. ஆகவே ஒருவர் புகாரைவிட ஊரார் ஐவரின் புகார் வலிமையுடையது. கூட்டுறவின் பயன் இங்கும் விளங்குகிறது.

நிறுவனங்கள் அனுப்பும் குறுஞ்செய்தியில் அனுப்புநர் பெயரின் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்தைக் காணலாம். ‘பி’ விளம்பரம்; ‘எஸ்’ சேவை; ‘டி’ பணப் பரிமாற்றம்; ‘ஜி’ அரசு. வாட்ஸப்பில் வருவனவற்றுக்கு 1909 உதவாது. அங்கேயே அவ்வெண்ணைத் தடைசெய்ய வேண்டும். பணம் பறிபோய்விட்டால் சற்றும் தாமதியாமல் 1930 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும்.

சங்கத்தின் கடமை

விதை நிறுவனமோ காப்பீட்டு முகவரோ சங்கத்துக்கு வந்து, “அங்கத்தினர் பட்டியலைக் கொடுங்கள், ஆண்டு விழாவுக்கு நன்கொடை தருகிறோம்” என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். சங்கத்துக்கு வருமானந்தானே, அங்கத்தினருக்கும் நல்ல சரக்கு தெரியவருமே என்று தோன்றலாம். ஆனால் அப்பட்டியல் காரியதரிசியுடையதன்று, நிர்வாகக் குழுவுடையதுமன்று. கடனுக்கும் நூலுக்கும் உரத்துக்குமாகவே அங்கத்தினர் தம் விவரத்தைத் தந்தனர். ஒரு காரியத்துக்காகத் தந்ததை வேறொரு காரியத்துக்கு விற்பது நம்பிக்கையை விற்பதாகும். நல்ல சரக்கு உண்டெனில், சங்கமே அறிவிப்புப் பலகையில் தெரிவிக்கலாம்; வேண்டுவோர் தாமே போய்க் கேட்பர்.

சட்டமும் இந்நெறியையே சொல்கிறது. 2023-ஆம் ஆண்டு மின்னணுவழித் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கணினியில் வைக்கும் விவரங்களைக் காக்கும் பொறுப்பை வைத்திருப்போர்மீது சுமத்துகிறது. காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டது.

அந்த அவகாசம் முடியும்வரை சங்கங்கள் காத்திருக்க வேண்டுவதில்லை. பதிவேட்டின் நகலை யாருக்கும் தருவதில்லை என்று பொதுக்குழுவில் தீர்மானம் இயற்றலாம். கணினியைத் திறக்கும் கடவுச்சொல் யார் யாரிடம் உள்ளது என்று எழுதிவைக்கலாம். பழைய ஆதார் நகல்களை எடைக்குப் போடாமல் கிழித்து அழிக்கலாம். அங்கத்தினரும் வெளியிடங்களில் விண்ணப்பம் நிரப்புகையில், இந்த விவரம் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கப் பழகவேண்டும். கேட்பது மரியாதைக் குறைவன்று. பூட்டைக் கிடங்குக்கு மட்டும் போட்டுப் பதிவேட்டை மேசைமேல் விட்டுச்செல்வது பாதிக் காவலே.