சந்தை நகரம், எட்டாத வீடு

காபிக் கடையை விரட்டிய ஓர் ஆங்கிலேய ஊர், வீட்டு விலையிடம் தோற்றுக்கொண்டிருக்கிறது

பிரிட்டனின் பெரிய காபிக் கடை நிறுவனமான கோஸ்டா, 2012-ல் டாட்னெஸ் நகரில் கிளை திறக்க விரும்பியது. தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன் பகுதியிலுள்ள இந்த ஊரில் பத்தாயிரம் பேர்கூட இல்லை. ஆனால் அப்போதே நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் காபி கிடைத்தது. அநேகமாக எல்லாமே உள்ளூர்க் கடைகள். எதிர்ப்பு மனுவில் ஐயாயிரத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள். மாவட்ட கவுன்சில் அனுமதி கொடுத்த பிறகும், அந்த அக்டோபரில் நிறுவனம் பின்வாங்கியது.

கடையைத் தடுத்தவர்களால் தடுக்க முடியாத ஒன்று உண்டு: வீட்டு விலை.

மன்னரிடம் சந்தை கூட்டும் உரிமை பெற்று, சுற்றுவட்டாரக் கிராமங்களின் வியாபாரத்தால் வளர்ந்த ஊர்களை ஆங்கிலேயர்கள் சந்தை நகரம் என்கிறார்கள். டாட்னெஸ் அந்த ரகம். கீழே டார்ட் நதி, மேலே நார்மன் காலக் கோட்டை, நடுவே மேடேறும் கடைத்தெரு. வெள்ளி, சனிக்கிழமைகளில் இன்றும் சந்தை கூடுகிறது.

தாகூரின் நண்பர்

ஊருக்குத் தனிக் குணம் வந்ததில் இந்தியாவுக்கும் பங்குண்டு. சாந்திநிகேதன் அருகே 1922-ல் தாகூர் துவக்கிய ஸ்ரீநிகேதன் கிராமப் புனரமைப்புப் பணியில் உடன் உழைத்தவர் லெனார்டு எல்ம்ஹர்ஸ்ட். 1925-ல் இவரும் மனைவி டோரதியும் டாட்னெஸுக்குப் பக்கத்திலுள்ள டார்ட்டிங்டன் எஸ்டேட்டை வாங்கினார்கள். பள்ளி, பண்ணை, பட்டறை, நாடகம் என்று அங்கு நடந்த சோதனைகள் கலைஞர்களையும் மாற்று வாழ்க்கை தேடியவர்களையும் ஈர்த்தன. ராஜஸ்தானில் பிறந்த முன்னாள் ஜைனத் துறவி சதீஷ் குமார், 1991-ல் அங்கே ஷூமாக்கர் கல்லூரி துவங்க முன்நின்றார். பெட்ரோலியத்தைச் சார்ந்திராமல் வாழப் பழகும் 'டிரான்சிஷன் டவுன்' இயக்கம் 2006-ல் வந்தது. உள்ளூர்க் கடைகளில் மட்டும் செல்லுபடியான 'டாட்னெஸ் பவுண்டு' நோட்டு 2007 முதல் 2019 வரை புழங்கியது.

இந்தக் குணமே வினையாகிவிட்டது. ஊரின் பெயர் பரவப் பரவ வாங்க வருபவர்கள் பெருகினார்கள். லண்டனிலிருந்து ரயிலில் சுமார் மூன்று மணி நேரம்தான். தலைநகரில் வீட்டை விற்றுவிட்டு ரொக்கத்துடன் வருபவருக்கு இங்கு விலை பெரிதாகத் தெரியாது. கடையிலும் ஓட்டலிலும் முதியோர் இல்லத்திலும் வேலை பார்க்கும் உள்ளூர்க்காரருக்கோ எட்டாத விலை. வீட்டிலிருந்தே வேலை என்ற வழக்கம் 2020-க்குப் பிறகு பரவியதும் நெருக்கடி முற்றியது.

நோய் நாடு முழுவதற்கும் உரியது. இங்கிலாந்தில் 1997-ல் நடுத்தரமான ஒரு வீட்டின் விலை ஆண்டுச் சம்பளத்தைப் போல மூன்றரை மடங்கு. 2021-ல் ஒன்பது மடங்கு. கவுன்சில் வீடுகளைக் குடியிருப்போருக்கே தள்ளுபடி விலையில் விற்க தாட்சர் அரசு 1980-ல் சட்டம் கொண்டுவந்தது. லட்சக்கணக்கானோர் சொந்த வீடு கண்டார்கள். ஆனால் விற்ற அளவுக்குப் புதிதாகக் கட்டப்படவில்லை.

டாட்னெஸ் அடங்கிய சவுத் ஹாம்ஸ் மாவட்டத்தின் கடற்கரை ஊர்களில் பல வீடுகள் விடுமுறைக்கு மட்டுமே திறக்கின்றன. 2021-ல் மாவட்ட கவுன்சில் வீட்டு வசதி நெருக்கடியைப் பிரகடனம் செய்தது. 2025 ஏப்ரல் முதல் இரண்டாவது வீட்டுக்கு இரட்டிப்பு கவுன்சில் வரி.

வாக்கு ஜெயித்தது, நிலம் போனது

ஊர் மக்கள் சும்மா இருக்கவில்லை. ரயில் நிலையத்தை ஒட்டிய பால் தொழிற்சாலை 2007-ல் மூடப்பட்டது. அந்த இடத்தில் உள்ளூர்க்காரர்களுக்குக் கட்டுப்படியாகும் 62 வீடுகளும், தொழில் கூடங்களும் அமைக்க அவர்களே திட்டம் தீட்டினார்கள். 2016 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் 86 சதவீதம் ஆதரவு. ஆனால் நிலம் ஊருக்குச் சொந்தமில்லை. பின்னர் அது வேறு கைக்கு விற்கப்பட்டது. திட்டம் காகிதத்தோடு நின்றது.

காபிக் கடையை எதிர்க்க ஒரு முகவரி இருந்தது. விலைக்கு முகவரி இல்லை. வந்து குடியேறுபவர்கள் ஊரைக் கெடுக்க வரவில்லை, பிடித்துப்போய்த்தான் வருகிறார்கள். ஆனால் அந்த நாற்பது கடைகளில் காபி ஆற்றித் தருபவர் பக்கத்து ஊரிலிருந்து பஸ் பிடித்து வரவேண்டுமானால், 2012-ல் போட்ட கையெழுத்துகள் யாருடைய ஊரைக் காப்பாற்றின?