பத்திரத்தில் ஒரு பெயர், பான் அட்டையில் ஒரு பெயர்

கால் நூற்றாண்டுக்கு முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரம். முத்திரைத்தாளில் தட்டச்சு எழுத்து மங்கிக் கிடக்கிறது. அதில் அமைப்பின் பெயர் 'அறக்கட்டளை' என்று முடிகிறது. பான் அட்டைக்கு விண்ணப்பித்தவர் அதை 'டிரஸ்ட்' ஆக்கிவிட்டார். வங்கியிலோ 'அறக்கட்டளை'யையே ஆங்கில எழுத்தில் அடித்து, நடுவே ஓரெழுத்தை விழுங்கிவிட்டார்கள். மூன்றும் ஒன்றுதான் என்பது ஊருக்குத் தெரியும். மும்பையில் கோப்பைப் புரட்டுகிற, கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதியை (சிஎஸ்ஆர்) கவனிக்கும் அதிகாரிக்கு எப்படித் தெரியும்?

நிதி கேட்கும் திட்ட அறிக்கைக்காகத் தொண்டு நிறுவனங்கள் இரவெல்லாம் கண்விழிக்கும். கூட வைக்க வேண்டிய தாள்களைத் தேடுவது மட்டும் கடைசி நாள் மாலையில்தான். அறிக்கை சொல்வது இனி நடக்கப்போவதை. நடந்ததற்குச் சாட்சி அந்தத் தாள்கள்தான்.

சட்டமும் அங்கேதான் கண் வைக்கிறது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த கம்பெனிகள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதைத் தொண்டு நிறுவனம் வழியாகச் செய்வதென்றால், 2021 ஏப்ரல் முதல் அந்த நிறுவனத்துக்கு சிஎஸ்ஆர்-1 பதிவெண் இருக்க வேண்டும். அந்த எண்ணுக்கு, வழக்கில் 12ஏ, 80ஜி எனப்படும் வருமானவரிப் பதிவுகள் பொதுவாகத் தேவை. இவை இல்லாவிட்டால், கொடுக்க மனமிருந்தாலும் கம்பெனியின் கை கட்டிக் கிடக்கும்.

வெளிநாட்டுப் பணம் என்றால் கெடுபிடி இன்னும் அதிகம். 2020இல் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் (எஃப்சிஆர்ஏ) திருத்தப்பட்ட பிறகு, பணம் முதலில் ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் விழ வேண்டும். நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20க்கு இறங்கிவிட்டது. இது தெரியாமல் பழைய பட்ஜெட்டை நகலெடுத்து இணைப்பவர்கள் உண்டு.

தணிக்கை அறிக்கையில் ஆடிட்டரின் கையெழுத்துக்குக் கீழே அந்த ஆவணத்துக்கான தனி அடையாள எண், அதாவது 18 இலக்க யூடின், இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இணையத்தில் அதைத் தட்டிச் சரிபார்த்துவிடலாம். நிதி தருபவரும் அதைத்தான் செய்வார்.

சிரிப்பு வருவது ஆதரவுக் கடிதங்களில்தான். ஊராட்சித் தலைவர், தலைமையாசிரியர், மகளிர் குழுத் தலைவி மூவரும் ஒரே வாக்கியங்களை, ஒரே எழுத்துப்பிழையோடு எழுதியிருப்பார்கள். லெட்டர்பேடு மட்டும் வேறு. பள்ளியில் எத்தனை பிள்ளைகள், எத்தனை கழிப்பறைகள் என்று தலைமையாசிரியர் தம் கைப்பட நாலு வரி எழுதினால் அதற்கு மதிப்பு அதிகம்.

பெயர்ச் சிக்கலுக்கு வழி உண்டு: பான் திருத்த விண்ணப்பம், வங்கிக்கு ஒரு கடிதம், தமிழ்ப் பத்திரத்துக்கு நோட்டரி சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு. நாள் பிடிக்கும் வேலை என்பதால் நிதிக்கான அறிவிப்பு வரும்வரை காத்திருக்கக் கூடாது. அந்த இடைவெளியில் பத்திரத்தை நல்ல ஸ்கேனரில் ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்ளலாம். இப்போது கைவசம் இருக்கிற செல்போன் படத்தில், பதிவு எண் இருக்க வேண்டிய இடத்தில் யாருடைய கட்டைவிரலோ தெரிகிறது.