ஊர்க் கணக்கு

“அண்ணே, எங்க ஊருக்கு புரோக்கருங்க வீடு வீடா வந்துட்டிருக்காங்க. அப்பாவோட அரை ஏக்கரை வித்துட்டு ஆவடிப் பக்கம் ஒரு பிளாட் வாங்கிடலாமான்னு பார்க்குறேன். இனிமே அந்த ஊர்ல என்ன இருக்கு?”

பூந்தமல்லி டிரங்க் ரோட்டு டீக்கடையில் ஒரு தம்பி கேட்டது இது. அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிப்ட் முடித்து, கண் சிவக்க, கையில் ஹெல்மெட்டோடு நின்றான். திருமழிசை தாண்டி உள்ளே போனால் அவன் ஊர்.

“நிலத்தை விக்கிறதும் வச்சிக்கிறதும் உங்க வீட்டு முடிவு தம்பி. ஊர்ல என்ன இருக்குன்னு கேட்டியே, அதைப் பேசுவோம். உட்காரு” என்றேன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். செம்பரம்பாக்கம் ஏரியைச் சுற்றி இதே கேள்வியோடு எத்தனையோ பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நகரம் இந்தப் பக்கம் வந்தது நேற்று இல்லை. 1960களில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. வயலுக்கு நடுவே சங்கு ஊதியது. வேலைக்குப் போனவர்கள் சாயங்காலம் சைக்கிளில் ஊர் திரும்பினார்கள். ஊர் ஊராகவே இருந்தது. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சிக்குள் போனது. 2019இல் ஆவடியே மாநகராட்சி ஆனது. இப்போது குத்தம்பாக்கத்தில் சுமார் 25 ஏக்கரில் புறநகர்ப் பேருந்து நிலையம் எழுந்திருக்கிறது. பூந்தமல்லிக்கு வரும் மெட்ரோவைப் பரந்தூர் வரை நீட்டிக்கத் திட்டம் இருக்கிறது. அதனால்தான் அவன் வீட்டுக் கதவை புரோக்கர் தட்டுகிறார்.

ஆனால் நிலத்தின் விலை வேறு, ஊரின் வருமானம் வேறு. விலை ஒரே ஒரு முறை கைக்கு வரும், அதுவும் நிலம் வைத்திருப்பவருக்கு மட்டும். வருமானம் மாதாமாதம் வரவேண்டியது, காலனியில் நிலமில்லாமல் இருப்பவருக்கும் சேர்த்து. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் “ஊரில் என்ன இருக்கு” என்ற கேள்வி வருகிறது.

பேருந்து நிலையத்தால் இன்று பெயர் அடிபடும் அதே குத்தம்பாக்கத்துக்கு இன்னொரு வரலாறு உண்டு. அந்த ஊர்க்காரர் ரங்கசாமி இளங்கோ. தலித் குடும்பம். வேதிப் பொறியியல் படித்தார். எண்ணெய் நிறுவனத்திலும், பிறகு மத்திய அரசின் ஆய்வகத்திலும் வேலை பார்த்தார். 1994இல் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தார். அப்போது ஊர் எப்படி இருந்தது? கள்ளச்சாராயம் காய்ச்சுவது பலருக்குப் பிழைப்பு. குடி, அடிதடி, சாதிச் சண்டை. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி 1996இல் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. இளங்கோ நின்றார், ஊராட்சித் தலைவரானார். 2001இல் மறுபடியும் ஜெயித்தார்.

அவர் செய்தவற்றில் இரண்டைத் தம்பிக்குச் சொன்னேன்.

முதலாவது, கழிவுநீர்க் கால்வாய். அரசாங்க மதிப்பீட்டில் எழுதியிருந்த கல்லுக்குப் பதிலாக, பக்கத்தில் கிரானைட் மெருகேற்றும் ஆலைகள் கழித்துப் போட்ட கல்லைக் கொண்டுவந்து கட்டினார். வேலை நன்றாக முடிந்தது, பணமும் மிச்சமானது. ஆனால் மதிப்பீட்டை மீறினார் என்று அவரை இடைநீக்கம் செய்தார்கள். கிராம சபை கூடியது. ஊர் ஜனம் திரண்டு அவர் பக்கம் நின்றது. பதவி திரும்பி வந்தது.

இரண்டாவது, வீடுகள். அரசின் சமத்துவபுரம் திட்டத்தில் 100 வீடுகளைத் தனித்தனியாகக் கட்டுவது வழக்கம். குத்தம்பாக்கத்தில் 50 இரட்டை வீடுகளாகக் கட்டினார்கள். நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் ஒரு தலித் குடும்பம், இந்தப் பக்கம் வேறு சாதிக் குடும்பம். கல்லும் சூளையிலிருந்து வந்த செங்கல் இல்லை. மண்ணோடு கொஞ்சம் சிமெண்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்தி எடுத்த மண்கல். சுடவேண்டியதில்லை, தண்ணீர் தெளித்து ஆறவைத்தால் போதும். செங்கல்லுக்கு வெளியூர் போகவேண்டிய பணம், ஊர் ஆட்களின் கூலியாக ஊருக்குள் நின்றது. ஒரு பக்கத்துக் குழந்தை அழுதால் மறுபக்கத்துக்குக் கேட்கும் சுவர் அது. சாதி ஒழிப்பைப் பற்றி மேடையில் பேசுவதைவிட அந்தச் சுவர் நிறையப் பேசும்.

இதிலிருந்து இளங்கோ வளர்த்தெடுத்த யோசனை ஒன்று உண்டு. ஒவ்வொரு ஊரும் தனக்கு வேண்டியதில் எவ்வளவைத் தானே செய்துகொள்ள முடியும் என்று கணக்கெடுக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் சேர்ந்து பொருளைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். காந்தியின் கிராமப் பொருளாதாரத்தை விளக்கிய தஞ்சாவூர்க்காரர் ஜே.சி. குமரப்பாவின் வழி இது.

தம்பிக்கு இது பிடிபடவில்லை. வடை வைத்துத் தந்த பேப்பர் துண்டை விரித்து, அவன் பேனாவாலேயே கணக்குப் போட்டோம். ஊரில் ஆயிரம் வீடு என்று வைத்துக்கொள். வீட்டுக்கு மாதம் இரண்டு லிட்டர் கடலை எண்ணெய். மொத்தம் 2,000 லிட்டர். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ கடலைப் பருப்பு வேண்டும். ஆக, மாதம் ஐந்து டன் பருப்பு. அதை விளைவிக்க ஆள் வேண்டும், தோலுரிக்க ஆள் வேண்டும், செக்கில் ஆட்ட ஆள் வேண்டும். பிண்ணாக்கு ஊர் மாட்டுக்குப் போகும், பால் மறுபடி ஊருக்கு வரும். இன்று அந்த எண்ணெய் முழுக்க பாக்கெட்டில் வருகிறது. எண்ணெய் காசு வெளியே போகிறது. அந்தக் காசுக்குப் பின்னாலேயே பிள்ளைகளும் பைக்கில் வெளியே போகிறார்கள்.

அவன் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தான். “சோப்பு, அரிசி, பருப்பு, தோசை மாவு... எல்லாத்துக்கும் இப்படிப் போடலாமாண்ணே?” என்றான். போடலாம். எல்லாவற்றையும் ஊரிலேயே செய்துவிட முடியாது. நாலைந்து பொருளைச் செய்தாலும் இருபது முப்பது குடும்பம் நிற்கும்.

இது நம் ஊரில் மட்டும் எழுந்த யோசனை இல்லை. கிராமத்துக்கு இந்தோனேசியர்கள் சொல்லும் வார்த்தை ‘தேசா’. நாம் நாட்டுக்குச் சொல்லும் தேசம் என்ற சொல்லும் அதுவும் ஒரே வேர். அங்கே 2014இல் கிராமச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2015 முதல் 74,000க்கும் மேற்பட்ட கிராமங்களுக்கு மத்திய அரசின் நிதி நேராகப் போகிறது. மத்திய ஜாவாவில் போங்கோக் என்று ஒரு சின்னக் கிராமம். ஊர்க்காரர்கள் குளித்துத் துவைத்துக்கொண்டிருந்த ஒரு ஊற்றுக்குளம்தான் அதன் சொத்து. 2009இல் கிராமத்துக்கே சொந்தமான நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, தெளிந்த அந்தத் தண்ணீருக்குள் மூழ்கிப் படம் எடுத்துக்கொள்ளும் சுற்றுலா இடமாக அதை மாற்றினார்கள். குளத்தை யாருக்கும் விற்கவில்லை. வருமானத்தில் ஊர்ப் பிள்ளைகளின் மேற்படிப்புக்கு உதவுகிறார்கள். ஏழை ஊர் என்று பேரெடுத்திருந்த கிராமம், இன்று மற்ற கிராமங்கள் வந்து பார்த்துப் போகும் ஊர்.

குத்தம்பாக்கத்துக்கும் போங்கோக்குக்கும் பொதுவானது ஒன்றுதான். ஊர் கூடி உட்கார்ந்து, இருக்கும் மண்ணையும் தண்ணீரையும் வைத்து என்ன செய்யலாம் என்று முடிவெடுத்தது. முடிவெடுக்கும் இடம் இருந்தால் ஊருக்கு எதிர்காலம் இருக்கிறது.

நம் பக்கம் அந்த இடம்தான் இன்று சுருங்குகிறது. 2016 அக்டோபரிலிருந்து மூன்று ஆண்டுக்கு மேல் தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களே இல்லை. 2019 டிசம்பரில் திருவள்ளூர் மாவட்டத்தில் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. பூந்தமல்லி, திருவேற்காடு, திருநின்றவூர் நகராட்சிகளோடு சுற்றியுள்ள ஊராட்சிகள் சிலவற்றையும் ஆவடி மாநகராட்சியில் சேர்க்கும் திட்டம் 2025 தொடக்கத்தில் வெளியானது. மாநகராட்சியானால் குழாயும் சாலையும் விளக்கும் மேம்படலாம். ஆனால் அரசின் ஊரக வேலைத் திட்டம் ஊரகப் பகுதிக்கு மட்டுமே உரியது, அது போகும். வாக்காளர் ஒவ்வொருவரும் உறுப்பினராக இருக்கிற கிராம சபையும் போகும். எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரிந்து ஊர் முடிவெடுக்க வேண்டும். அதைத் தலைநகரில் உட்கார்ந்து வேறொருவர் முடிவு செய்வது நியாயம் இல்லை.

ஊராட்சியாக இருக்கும்வரை கிராம சபை உன்னுடையது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டம். எல்லாம் நினைவில் நிற்கும் தேதிகள்தான். பெரும்பாலான ஊர்களில் நூறு, இருநூறு பேர் வந்தாலே கூட்டம் செல்லும். அங்கே எழுதப்படும் தீர்மானத்துக்குச் சட்டப்படி மதிப்பு உண்டு. ஏரிக்கரை எங்கே உடைந்திருக்கிறது, மேய்க்காலை யார் வளைத்திருக்கிறார், மனைப்பிரிவுக்கு யார் அனுமதி கொடுத்தார் என்றெல்லாம் அங்கே கேட்கலாம், பதிவு செய்யச் சொல்லலாம்.

தம்பி அந்தப் பேப்பரை எண்ணெய்க் கறையோடு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். நிலத்தை விற்பானா என்று நான் கேட்கவில்லை. அடுத்த கிராம சபைக்குப் போகச் சொன்னேன். உங்கள் ஊர் இன்னும் ஊராட்சியாக இருந்தால் நீங்களும் போங்கள். ஒரு கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறிய பிறகு வீடு திரும்புங்கள்.