மலைக்கு மலை வேறு பறவை

உதகையின் சோலைக்காட்டில் தரையோரம் தத்தித் திரியும் நீலப் பறவையும் கொடைக்கானலில் திரிவதும் ஒன்றுதான் என்றே வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். அதன் சொந்தபந்தங்கள் இமயமலையில் என்றும் நம்பிக்கை.

அந்தக் கணக்கு தப்பு என்று காட்டியது பெங்களூர். அங்குள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த வி.வி. ராபின், உமா ராமகிருஷ்ணன் குழுவினர் மரபணு, சிறகின் நிறம், பாட்டு எல்லாவற்றையும் ஒப்பிட்டார்கள். 2017இல் வெளியான முடிவு: இது தனிப் பேரினம். 'சோலிகோலா' என்று புதுப்பெயர். நம் 'சோலை'தான் அதில் ஒலிக்கிறது.

பேரினத்தில் மூன்று இனங்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே, அகத்தியமலைப் பகுதியில் இருப்பது அறிவியலுக்கே புதிது. குளிர்ந்த உயரத்தில் வாழும் இவை வெப்பமான கணவாயைத் தாண்டுவதில்லை. லட்சக்கணக்கான ஆண்டுப் பிரிவு, உறவை வேறாக்கிவிட்டது.

பெருமைதான், கவலையும்கூட. ஒரே இனமாக இருந்தவரை, நீலகிரியில் அழிந்தாலும் பழனியில் மிஞ்சும் என்று ஆறுதல் கொள்ளலாம். இனி அது முடியாது. தேயிலையும் தைலமரமும் சீகையும் ஏற்கெனவே சோலைகளைச் சுருக்கிவிட்டன. வெப்பம் கூடினால் பறவை மேலேறலாம். சிகரத்துக்கு மேலே?