கதவில்லா வண்டி

ஹற்றன் வட்டாரத் தோட்டங்களில் பழைய லாண்ட் றோவர் வண்டிகள் சில, கதவைக் கழற்றிவிட்டே ஓடுகின்றன. உரமூட்டை ஏற்றவும், சேற்றிலே சில்லுப் போகும் தடத்தை எட்டிப் பார்க்கவும் அது வசதி என்பர் சாரதிமார். குற்றமா என்று கேட்டால் சிரிப்பார்கள்.

சிரிப்புக்கும் காரணமுண்டு. மகாயுத்தத்து வில்லிஸ் ஜீப் கதவின்றியே பிறந்தது. 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லாண்ட் றோவரின் கதவுகளோ, கழற்றத்தக்கனவாகவே அமைந்தவை. ஆகவே செய்தவன் கொடுத்த வசதியைச் சட்டம் பறிக்கலாமா என்பது அவர்கள் வாதம். ஆனால் நமது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் கருதுவது வண்டி பிறந்த விதத்தையன்று. அது தெருவில் ஓடத் தகுந்ததா என்பதையே. தோட்டத்துக் குறுக்கு வழியில் கேட்பாரில்லை. நுவரெலியாப் பெருந்தெருவில் ஏறியதும் கேள்வி பிறக்கிறது.

2011இல் ஆசனப்பட்டியைக் கட்டாயமாக்கிய விதியும் சாரதியையும் முன்னாசனத்தாரையுமே கருதியது. பின்னே குந்தியிருக்கும் கொழுந்துக்காரிக்குக் கதவுமில்லை, பட்டியுமில்லை. மஸ்கெலியா வழியில் அப்படியொருத்தியைக் கண்டேன். வளைவுதோறும் பிள்ளையின் சட்டையை இறுகப் பற்றியிருந்தாள்.