பழைய பம்பரும் புதிய பிளேட்டும்

சென்னை தியாகராய நகர் ஆற்காடு தெருவில் இருக்கும் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்தில் அவருடைய அம்பாசடர் நிற்கிறது. எண் டி.எம்.எக்ஸ். 4777. அங்கே வரும் பெரியவர்கள் பலர் காரின் மாடலைப் பற்றிப் பேசுவதில்லை; எண்ணைத்தான் வாய்விட்டுப் படிக்கிறார்கள். காமராஜரின் செவர்லேயும் அப்படித்தான். எம்.டி.டி. 2727 என்றால் பழைய காங்கிரஸ்காரர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம். ஊருக்குள் கார்கள் குறைவாக இருந்த நாளில், தூரத்தில் வரும் வண்டி யாருடையது என்பதை முன்பக்க நம்பர் பிளேட்தான் சொன்னது. டாக்டர் வருகிறாரா, மில் முதலாளி வருகிறாரா என்று தெருமுனையிலேயே தெரிந்துவிடும்.

மதராஸில் பதிவான முதல் கார் எம்.சி. 1. துறைமுகத்தைச் சீரமைத்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குடைய வண்டி அது. பிறகு எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் எண்கள் வந்தன. மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆனபின் டி.எம்., டி.என். என்று தொடங்கும் மூன்றெழுத்து வரிசைகள் வந்தன. புதிய மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்ததும் இன்றுள்ள முறை பிடித்தது: டி.என். 01 என்றால் அயனாவரம், டி.என். 07 என்றால் திருவான்மியூர், டி.என். 09 என்றால் கே.கே. நகர். ஆகவே ஒரு பழைய காரின் முகப்பில் இருக்கும் மூன்று எழுத்துகளைப் பார்த்தாலே அது எந்தக் காலத்தில் சாலைக்கு வந்தது என்று கார் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். வண்டிக்கு எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும், இன்ஜினையே இறக்கி ஏற்றினாலும், மாறாமல் கூடவே வருவது அந்த எண் ஒன்றுதான்.

அன்று நம்பர் பிளேட் கடையில் வாங்கும் பொருளாக இருக்கவில்லை. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எண் கிடைத்ததும் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பெயிண்டரிடம் போக வேண்டும். அவர் முதலில் கார் முன்னால் குந்தி உட்கார்ந்து பம்பரைப் பார்ப்பார். பம்பரின் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது, இரு பக்கமும் நிற்கும் குரோம் கொம்புகளுக்கு இடையே எத்தனை அங்குலம், பம்பர் எந்த அளவுக்கு வளைந்திருக்கிறது என்று கையாலேயே அளப்பார். அதற்குத் தக்கபடி தகரம் வெட்டுவார். முனைகள் காலைக் கிழிக்காமலிருக்க உருட்டி, ஓரத்தை மடித்துத் தட்டி, கறுப்பு எனாமல் இரண்டு கை அடித்துக் காயவைப்பார். சாக்பீஸ் தடவிய நூலை இரு முனையிலும் பிடித்துச் சுண்டினால் மேலும் கீழும் இரண்டு நேர்கோடு விழும். அந்தக் கோடுகளுக்குள் வெள்ளை எனாமலில் எழுத்து. நல்ல பெயிண்டருக்கு அடிக்கோல் தேவைப்படாது. 2, 3, 5 ஆகியவற்றின் வளைவில் அவர் கை தெரியும். எட்டை மட்டும் பார்த்தே இது இன்னார் எழுதியது என்று சொல்லும் டிரைவர்கள் இருந்தார்கள். இன்றைய விதிப்படி காரின் எழுத்து 65 மில்லிமீட்டர் உயரம், கோட்டின் தடிப்பு 10, எழுத்துக்கு எழுத்து இடைவெளி 10. பழைய பெயிண்டர்களின் பிளேட்டை அளந்து பார்த்தால் பலமுறை அதற்கு மிக அருகில் நிற்கிறது.

மாட்டுவதற்கு ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு முறை. உலகப் போருக்கு முந்தைய வண்டிகளில் பம்பரே இல்லாத மாடல்கள் உண்டு. முன் ஸ்பிரிங்கைத் தாங்கும் இரண்டு சேசிஸ் நுனிகளுக்கு இடையே குறுக்குக் கம்பி போட்டு அதில் பிளேட்டைத் தொங்கவிட்டார்கள். அம்பாசடரில் பம்பர் அகலம், இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் எங்கே மாட்டினாலும் பழைய மெக்கானிக்குகள் இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார்கள். ஒன்று, கிரில்லை மறைக்கக்கூடாது. அந்த வண்டிகளில் ரேடியேட்டர் விசிறி இன்ஜினோடு பெல்ட்டில் சுற்றும். போக்குவரத்து நெரிசலில் இன்ஜின் மெதுவாக ஓடும்போது விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். சித்திரை வெயிலில் அரை அடி காற்றுவழியை அடைத்தாலும் டெம்பரேச்சர் முள் ஏறும். இன்னொன்று, ஹேண்டில் போடும் துளை. பேட்டரி படுத்துவிட்டால் முன்னால் நின்று ஹேண்டிலைச் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அந்தத் துளைக்கு நேராகப் பிளேட்டை மாட்டிவிட்டு, மழையில் நனைந்துகொண்டு ஸ்பேனர் தேடியவர்கள் கதை ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பிலும் உண்டு.

எங்கள் அப்பா வைத்திருந்தது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். சென்னைக்கு வெளியே பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலையில் 1961 முதல் தயாரான வண்டி. அதன் பானட் மற்ற கார்களைப் போல மேலே மட்டும் திறக்காது. மட்கார்டு, ஹெட்லைட், கிரில் எல்லாம் சேர்த்து முகப்பு முழுவதும் முன்னால் கவிழும். மெக்கானிக்குக்கு இதைவிட வசதி கிடையாது, சக்கரத்தின் மேல் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். ஆனால் நம்பர் பிளேட்டைப் பம்பருக்கு மேலே தூக்கி மாட்டினால், பானட் கவிழும்போது கிரில் வந்து அதில் இடிக்கும். ஆகவே ஹெரால்டுக்குப் பிளேட் தாழ்ந்திருக்க வேண்டும். பெயிண்டர் அதைத் தெரிந்துகொண்டு குறுகலாக, நீளமாகத் தகரம் வெட்டியிருந்தார். அப்பா காலத்துக்குப் பிறகு வண்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தபோதுதான் அந்த அரை அங்குலக் கணக்கின் மதிப்பு எனக்குப் புரிந்தது.

இடையில் வந்த ரேடியம் ஸ்டிக்கர் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. 2000களின் தொடக்கத்தில் தனியார் வண்டிகளுக்குக் கறுப்புப் பின்னணி போய், வெள்ளையில் கறுப்பு எழுத்து வந்தது. அதோடு பெயிண்டர் இருந்த இடத்தில் கம்ப்யூட்டர் கட்டிங் வந்தது. எழுத்தைச் சாய்த்தார்கள், நிழல் போட்டார்கள், எண்ணைச் சுருக்கி ஓரத்தில் தலைவர் படம் ஒட்டினார்கள். பல பழைய கார்கள் தங்கள் கறுப்புப் பிளேட்டை இழந்தது இந்தக் காலத்தில்தான். கழற்றிய தகரம் பழைய இரும்புக் கடைக்குப் போனது.

இன்றுள்ள உயர் பாதுகாப்புப் பிளேட் அந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்ட வந்தது. 2001-லேயே விதியில் இடம்பெற்று, நீதிமன்றம் பலமுறை வலியுறுத்தி, கடைசியில் 2019 ஏப்ரல் 1 முதல் தயாராகும் புதிய வண்டிகளுக்குத் தயாரிப்பாளரே பிளேட்டைத் தர வேண்டும் என்று ஆனது. அலுமினியத் தகடு, காருக்கு 500-க்கு 120 மில்லிமீட்டர் அல்லது 340-க்கு 200. இடப்பக்க மேல் மூலையில் அசோகச் சக்கரம் பதித்த குரோமியம் ஹாலோகிராம், 20 மில்லிமீட்டர் சதுரம். லேசரால் பொறித்த தனி அடையாள எண். எழுத்துகள் உள்ளிருந்து அழுத்தி எழுப்பப்பட்டவை, அவற்றின் மேல் சாய்வாக இந்தியா என்ற பொறிப்பு. ஒருமுறை பூட்டினால் உடைக்காமல் கழற்ற முடியாத ஸ்னாப் லாக். திருட்டு வண்டிக்கு வேறு எண் மாட்டி ஓட்டுவது இதனால் கடினமாகிறது. நெடுஞ்சாலைக் கேமராவும் சுங்கச்சாவடியும் இரவிலும் எண்ணைப் படிக்கின்றன. இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். மோதிவிட்டு நிற்காமல் போன வண்டியின் எண்ணைப் படிக்க முடியாமல் தவித்த குடும்பங்களுக்கு ஒரே மாதிரியான எழுத்தின் அருமை தெரியும்.

ஆனால் அந்தத் தகடு இன்றைய காருக்காக வடிவமைக்கப்பட்டது. இன்றைய காரில் பிளாஸ்டிக் பம்பரின் நடுவே அதற்கென்றே சமதளமான பள்ளம் இருக்கிறது, துளைகளும் தயாராக இருக்கின்றன. பழைய காரின் பம்பர் இரும்பு. நிக்கல் ஏற்றி அதன் மேல் மெல்லிய குரோம் பூச்சு. குறுக்கிலும் நெடுக்கிலும் வளைந்தது. நேர்த்தகட்டை அதன் மேல் வைத்தால் நடுவில் மட்டும் தொட்டு, இரு முனையும் அந்தரத்தில் ஆடும். சரிசெய்ய அலுமினியத்தை வளைத்தால் மேலே இருக்கும் படலம் விரிசல் விடும்; பாதுகாப்புப் பிளேட்டைச் சிதைப்பது விதிக்கும் விரோதம். அவசரக்காரர்கள் உடனே டிரில்லிங் மெஷினை எடுத்துவிடுகிறார்கள். குரோம் போட்ட பம்பரில் துளை போடுவதைப் போன்ற பாவம் வேறில்லை. துளையின் விளிம்பில் பூச்சு செதில் செதிலாகப் பெயரும், உள்ளே இரும்பு காற்றைப் பார்க்கும். சென்னை மாதிரிக் கடற்கரை ஊரில் ஒரு மழைக்காலம் போதும், அங்கிருந்து பழுப்புக் கோடு இறங்கத் தொடங்கிவிடும். மறுபடி குரோம் ஏற்ற வேண்டுமானால் பம்பர் முழுவதையும் கழற்றி, பழைய பூச்சை எடுத்து, தேய்த்து, நிக்கலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குப் பின்னும் அசல் வளைவு அப்படியே திரும்பும் என்று சொல்ல முடியாது.

எங்கள் ஹெரால்டுக்கு வேலை பார்த்த டிங்கர் ஒருவர் இதற்கு வழி காட்டினார். "சார், பம்பர்ல ஓட்டையே வேணாம். பின்னாடி போல்ட்லேர்ந்து பட்டை எடுத்துக்கலாம்" என்றார். பம்பரைச் சேசிஸோடு பிணைக்கும் போல்டுகள் பின்பக்கம் ஏற்கெனவே இருக்கின்றன. ஓர் அங்குல அகல இரும்புப் பட்டையை இரண்டு துண்டு எடுத்து, ஒரு முனையை அந்தப் போல்டிலேயே கோத்து, பம்பரின் அடிப்பக்கமாக வளைத்து முன்னால் கொண்டுவந்தார். இரண்டு பட்டைகளின் முன்முனையையும் இணைத்து ஒரு சமதளச் சட்டம். பிளேட் உட்காருவது அந்தச் சட்டத்தில். பம்பரை அது தொடுவதே இல்லை. பட்டை பம்பருக்கு அருகே வரும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினார், அதிர்வில் குரோம் உரசாமலிருக்க. அலுமினியத் தகடும் இரும்புச் சட்டமும் நேராகத் தொட்டால் ஈரத்தில் அரிப்பு பிடிக்கும் என்பதால் இரண்டுக்கும் நடுவே ரப்பர் வாஷர், எவர்சில்வர் போல்ட், அதன் பின்னால் ஸ்பிரிங் வாஷர். சட்டத்துக்குப் பிரைமர் அடித்து மேலே கறுப்பு. எல்லாம் முடிந்ததும் பானட்டை மெதுவாகக் கவிழ்த்து, கிரில்லுக்கும் தகட்டுக்கும் இடையே தன் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். விரல் தாராளமாக நுழைந்தது. நாளைக்கு எந்த அளவுப் பிளேட் வந்தாலும் மாற்ற வேண்டியது சட்டத்தை மட்டும்தான். காருக்கு ஒரு கீறல் விழாது.

பழைய கார் வைத்திருப்பவர்களில் சிலர் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் போகும்போது முகப்பு அழகு கெடுகிறது என்று முன் பிளேட்டைக் கழற்றி டாஷ்போர்டின் மேல் வைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் புளோரிடா, பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் பின்பக்கத்துக்கு மட்டும் பிளேட் இருந்தால் போதும். இங்கே அந்தச் சலுகை கிடையாது. சாலையில் ஓடும் வண்டி தன் எண்ணை முன்னால் காட்டித்தான் ஆக வேண்டும். அழகு பற்றிய பேச்சையும் நான் ஏற்க மாட்டேன். 1960-களின் புகைப்படம் எதை எடுத்துப் பார்த்தாலும் பிளேட்டோடுதான் அந்தக் கார்கள் அழகாக இருக்கின்றன.

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டிய, வாடகைக்கு ஓடாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு அது பொருந்தும். சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. புதிதாகப் பதிவு செய்வோருக்கு மாநில எழுத்தை அடுத்து வி.ஏ. என்ற எழுத்துகள் வரும் தனி எண்; கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், புதுப்பிக்க 5,000. அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது போன்றவற்றுக்கு எடுத்துப் போகலாம். இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று: ஏற்கெனவே பதிவில் உள்ள வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். எம்.டி.டி.யும் எம்.எஸ்.வி.யும் பதிவேட்டில் உயிரோடு இருக்க இந்த ஒரு வரி வழிசெய்கிறது. ஆகவே தாத்தாவின் காரைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுப்பவர்கள் டிங்கரிங் வேலையைத் தொடங்கும் முன் ஆர்.சி. புத்தகத்தைத் தேட வேண்டும். அது கிடைத்தால் எண் கிடைத்த மாதிரி.

எண்ணைக் காப்பாற்றிய சட்டம் பிளேட்டின் தோற்றத்தைக் கவனிக்கவில்லை. டெல்லி, மகாராஷ்டிரம், கர்நாடகம் ஆகியவை 2019-க்கு முந்தைய வண்டிகளுக்கும் பாதுகாப்புப் பிளேட்டைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. பிரிட்டனில் 1980-க்கு முன் தயாரான, பழம்பெரும் வாகனமாகப் பதிவான கார்கள் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தோடு ஓடலாம் என்று சட்டமே அனுமதிக்கிறது. அங்கும் கேமரா இருக்கிறது, திருடர்களும் இருக்கிறார்கள். இங்கே 50 ஆண்டு கடந்து முறையாகப் பதிவான கார்கள் எண்ணிக்கையில் கொஞ்சம், அன்றாடம் ஓடாதவை, ஒவ்வொன்றும் அரசாங்கப் பதிவேட்டில் இருப்பவை. பின்பக்கம் ஹாலோகிராம் பிளேட்டும், முன்பக்கம் விதிக்குட்பட்ட அளவில் கறுப்புப் பிளேட்டும் போட்டுக்கொள்ள அவற்றை அனுமதித்தால் பாதுகாப்புக்குப் பெரிய குறை வந்துவிடாது. ஹாலோகிராம் முன்பக்கமும் வேண்டுமென்றால் கண்ணாடியின் உட்புறம் ஒட்டும் பதிவு ஸ்டிக்கர் இருக்கவே இருக்கிறது. பழம்பெரும் கார் சங்கங்கள் ஊர்வலம் நடத்துவதோடு நிற்காமல் இந்தக் கோரிக்கையைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு எழுத்தில் கொண்டுபோக வேண்டும். கையால் எண் எழுதத் தெரிந்த பெயிண்டர்கள் ஒன்றிரண்டு பேர் இன்னும் தொழிலில் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.