‘பயன்பாட்டு’ என்னும் ஒரு சொல்

அமெரிக்கக் கல்வியமைப்பில் பள்ளியிறுதிக்கும் நான்காண்டு இளநிலைப் பட்டத்துக்கும் இடையே ‘அசோசியேட்’ என்றொரு பட்டம் உண்டு. இரண்டாண்டுகளில் ஏறத்தாழ 60 கிரெடிட்டுகளை முடித்தவர்களுக்கு, பெரும்பாலும் சமுதாயக் கல்லூரிகள் இதை வழங்குகின்றன. கிரெடிட் என்பது ஒரு பருவம் முழுவதும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் வகுப்பில் பாடம் கேட்பதைக் குறிக்கும் அலகு. ஆய்வகமாயின் அதே ஒரு கிரெடிட்டுக்கு வாரந்தோறும் இரண்டு அல்லது மூன்று மணி நேரம் உழைக்க வேண்டியிருப்பதால், கருவிகளோடு புழங்கும் படிப்பைத் தேர்ந்தவர் சான்றிதழில் தெரியும் எண்ணிக்கையைக் காட்டிலும் அதிக நேரத்தைக் கல்லூரியில் கழிக்கிறார். இப்பட்டத்தின் வகைகளுள் ‘அறிவியல்’ என்பதும் ‘பயன்பாட்டு அறிவியல்’ என்பதும் பெயரளவில் ஒரே சொல்லால் வேறுபடுபவை என்றாலும், மாணவர் அடுத்துச் செல்லக்கூடிய வழியை அந்தச் சொல்லே பெரிதும் தீர்மானிக்கிறது.

அறிவியல் வகையில் பட்டம் பெற்றவர், அதே கிரெடிட்டுகளோடு பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேர்வதற்கென்றே ஆயத்தப்படுத்தப்படுகிறார். பயன்பாட்டு அறிவியல் வகையோ நேரே வேலைக்கு அனுப்பும் நோக்கத்தில் அமைந்தது. மின்னணுவியல், இயந்திர வடிவமைப்பு, கட்டுமானம், குளிர்சாதனவியல் முதலிய பொறியியல் தொழில்நுட்பப் படிப்புகள் பெரும்பாலும் இதன்கீழ் வருகின்றன. இதனைக் கல்வியாளர்கள் நெடுங்காலமாக ‘முடிவுப் பட்டம்’ என்று வழங்கிவந்துள்ளனர்; பத்தொன்பது வயதில் ஒருவர் தொடங்கும் படிப்புக்கு இப்படியொரு பெயர் சூட்டியது சொல்லாக்கத்தில் பெரிய சாதனை என்று கருதுவதற்கில்லை.

இரு வழிகளும் பிரியும் இடம் கணிதம் என்பதை ஓர் எளிய மின்சுற்றைக் கொண்டு விளக்கலாம். 10,000 ஓம் மின்தடையின் வழியாக 100 மைக்ரோபாரட் மின்தேக்கி ஒன்று மின்னேற்றம் பெறும்போது, அதன் மின்னழுத்தம் நேரத்தோடு எவ்வாறு உயர்கிறது என்பதைப் பொறியியல் மாணவர் வகைக்கெழுச் சமன்பாடு ஒன்றை அமைத்து, அதைத் தீர்த்து, விடையைத் தாமே வருவிக்கிறார். தொழில்நுட்ப மாணவரோ மின்தடையையும் மின்தேக்குதிறனையும் பெருக்கி, ‘நேர மாறிலி’ எனப்படும் அளவு இங்கே ஒரு விநாடி என்று கண்டுகொள்கிறார். ஒரு நேர மாறிலியில் மின்னழுத்தம் இறுதி அளவின் 63 விழுக்காட்டை எட்டும் என்பதும், ஐந்து கடந்தால் 99 விழுக்காட்டைத் தாண்டிவிடும் என்பதும் அவருக்கு மனப்பாடம். பின்னர் அவர் சுற்றைப் பலகையில் பொருத்தி, அலைக்காட்டியின் திரையில் அந்த வளைகோட்டைப் பார்க்கிறார். அது எதிர்பார்த்தபடி எழவில்லை என்றால் எந்த உறுப்பு பழுதானது என்று தேடக் கற்கிறார். இயற்கணிதமும் முக்கோணவியலும் இதற்குப் போதும். நுண்கணிதம் தேவைப்படும் இடங்கள் குறைவு. இதைத் தாழ்ந்த அறிவென்று எண்ணுவோர், சமன்பாட்டைத் தீர்த்த கையால் பழுதையும் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்புகிறவர்களாக இருக்க வேண்டும்.

இந்தப் பிரிவு தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. 1901இல் இலினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில், சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரின் கருத்தூக்கத்தால் ஆறு மாணவர்களோடு தொடங்கிய கல்லூரியின் நோக்கம், பல்கலைக்கழகப் படிப்பின் முதலிரண்டு ஆண்டுகளை ஊரைவிட்டுப் போகாமலேயே முடிக்கச் செய்வதுதான்; அதாவது, மேற்படிப்புக்குச் செல்லும் வாயிலாகவே இவ்வகைக் கல்லூரி பிறந்தது. தொழிற்படிப்புகள் இதனுள் வலுப்பெற்றதற்கான காரணங்களுள் ஒன்று பொறியியல் கல்லூரிகளில் நேர்ந்த மாற்றம். லின்டன் கிரின்டர் தலைமையிலான குழு 1955இல் அளித்த அறிக்கை, பொறியியல் கல்வி அடிப்படை அறிவியலையும் கணிதத்தையும் ஆழமாகச் சார்ந்திருக்க வேண்டும் என்று வலியுறுத்தியதை அடுத்து, பட்டறைப் பயிற்சியும் வரைபடப் பயிற்சியும் அங்கே சுருங்கின. அவ்வாறு விடப்பட்ட இடத்தைப் பொறியியல் தொழில்நுட்பம் என்னும் தனித்துறை நிரப்பியது. 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதன் விளைவாக மறு ஆண்டே இயற்றப்பட்ட தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம், தொழில்நுட்பர்களைப் பயிற்றுவிக்கவும் நிதி ஒதுக்கியது. இன்று ஏபெட் என்னும் தரச்சான்று அமைப்பு, பொறியியலுக்கு ஓர் ஆணையமும் பொறியியல் தொழில்நுட்பத்துக்கு வேறோர் ஆணையமுமாக வைத்து இரண்டையும் தனித்தனியே மதிப்பிடுகிறது.

பயன்பாட்டு அறிவியல் என்ற குடையின்கீழ்ச் செவிலியமும் வருவது கவனிக்கத்தக்கது. மில்ட்ரெட் மான்டாக் 1951இல் முன்வைத்த ஆய்வேட்டை ஒட்டி அடுத்த ஆண்டு சோதனையாகத் தொடங்கப்பட்ட இரண்டாண்டுச் செவிலியர் படிப்பை முடித்தவர்கள், நான்காண்டு பயின்றவர்கள் எழுதும் அதே உரிமத் தேர்வையே எழுதுகிறார்கள். பொறியியலில் இத்தகைய சமநிலை இல்லை. உரிமம் பெற்ற பொறியாளராவதற்குப் பொதுவாக நான்காண்டுப் பட்டம் எதிர்பார்க்கப்படுகிறது.

இடைவெளியைக் குறைப்பதற்காகக் கல்லூரிகள் சில பல்கலைக்கழகங்களோடு ‘இரண்டும் இரண்டும்’ எனப்படும் ஒப்பந்தங்களைச் செய்துகொண்டுள்ளன. இவற்றின்படி, இரண்டாண்டுத் தொழில்நுட்பப் பட்டதாரி மேலும் இரண்டாண்டுகள் பயின்று பொறியியல் தொழில்நுட்பத்தில் இளநிலைப் பட்டம் பெறலாம். எந்தக் கல்லூரிக்கும் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே, எந்தப் பாடங்களுக்கு ஒப்பந்தம் உள்ளது என்பதைச் சேர்வதற்கு முன்பே அறிந்துகொண்டவருக்கு இவ்வழி சிக்கனமானது. ஆனால் தொழில்நுட்பம் பயின்றபின் பொறியியலுக்கே மாற விரும்புபவருக்கு, நுண்கணிதமும் அதன் அடிப்படையிலான இயற்பியலும் பெரும்பாலும் முதலிலிருந்து காத்திருக்கும். தாம் பலமுறை பலகையில் பொருத்தி இயக்கிய அதே மின்தேக்கியிடம், இம்முறை சமன்பாட்டின் வழியாக அவர் திரும்பி வர வேண்டியிருக்கும்.